நான்கு மணிக்கு மூடிக்கொண்ட நீல அல்லிகள்

குளத்துப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். பம்ப், உரம், மண் கலவை பற்றிச் சொல்லித்தர அலுவலகத்தில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு பயந்த நாளும் இல்லை, அவ்வளவு சிரித்த நாளும் இல்லை.

அதற்கு முன் அல்லியைப் பற்றிக் கொஞ்சம். குளத்தங்கரையில் நிற்கும்போது யாராவது வந்து, “தாமரை எவ்ளோ அழகா இருக்கு” என்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். மலாய்க்காரர்களும் பெரும்பாலும் இரண்டையும் தெராத்தாய் என்றுதான் சொல்வார்கள். தாமரை இலை தண்ணீருக்கு மேலே எழுந்து குடைபோல நிற்கும். அல்லி இலை தண்ணீர்மேல் படுத்திருக்கும், ஒரு பக்கத்தில் நடுவரை வெட்டினமாதிரி ஒரு பிளவு இருக்கும். கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் போதும்.

ஆனால் அல்லிகளுக்குள்ளேயே யார் எங்கிருந்து வந்தவர், யார் எப்போது விழிப்பவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் குளங்களில் நடும் நீல அல்லி ஆப்பிரிக்காக்காரி. நர்சரிகள் வழியாக வந்து இங்கேயே குடியேறியவள். காலை ஒன்பது மணிவாக்கில் விரிந்து மாலை நான்குக்கெல்லாம் மூடிக்கொள்வாள். மஞ்சள் அல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. பார்க்கச் சாது, ஆனால் சேற்றுக்குள் கொடிவிட்டு ஓடி ஒரு மழைக்காலத்திற்குள் குளத்தையே எழுதி வாங்கிக்கொள்ளும். தொட்டிக்குள் அடைத்துத்தான் வைக்க வேண்டும். நம் மண்ணின் அல்லி என்றால் தெலிப்போக் என்று மலாய்க் கிராமங்களில், கம்பத்தில், சொல்வார்களே, அந்த வெள்ளை அல்லி. யாரும் நடாமலேயே குட்டைகளில் வளரும். இருட்டத் தொடங்கும்போது விரியும், மறுநாள் காலை ஒன்பது, பத்து மணிவரை திறந்திருக்கும். காட்டு ஓடைகளின் நிழலில் வாழும் இன்னொரு வகையும் ஜொகூரில் உண்டு. இலையின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக இருக்கும். என் ஊர் லாபிஸ். அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரே ஒரு முறை அதைப் பார்த்திருக்கிறேன். எங்கேயாவது கண்டால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிடுங்கிக்கொண்டு வந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு குடியிருப்புப் பகுதி. அங்கே முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதைப் பூங்காவாக மாற்றும் வேலை நம்மிடம் வந்தது. செலவை ஏற்றுக்கொண்டவர் தங்காக்கில் பெரிய துணிக்கடை வைத்திருந்த ஒரு சீனக் குடும்பத்தின் மூத்த அம்மா. மேடம் லிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலமான தன் கணவரின் நினைவாக அந்தக் குளத்தைச் செய்துதரச் சொன்னார். அவர் மகள் ஒருத்தி பாசிர் கூடாங்கில் குடியிருந்தாள், அதனால்தான் இந்த ஊர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குளம் முழுக்க நீல அல்லி இருக்க வேண்டும். கணவருக்கு அந்தப் பூ என்றால் உயிராம்.

திட்ட மேலாளர் திரு. நல்லநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். இவர் பொறியாளராகி நம் நிறுவனத்துக்கு வந்தவர். வீட்டில் பேசும் அந்தத் தமிழை அலுவலகத்திலும் விடமாட்டார். கோபக்காரர், ஆனால் கோபம் பத்து நிமிடத்துக்குமேல் தாங்காது. நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்டவள் அசிசா. கல்யாணப் பந்தல் அலங்காரம் செய்து பழகியவள், எதற்கும் அசரமாட்டாள். குளத்தில் இறங்கி வேலை செய்யும் குழுவுக்கு பாக் மாட் என்கிற பெரியவர் மண்டோர், அதாவது மேஸ்திரி. செடிகளுக்குப் பொறுப்பு நான்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. நீல அல்லி நன்றாக விரிந்திருக்கும் நேரம் அதுதான் என்பதால் நானே கேட்டு வாங்கிய நேரம். அன்று காலை ஏழு மணிக்கே போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பத்து மணிக்கு வட்டாரத்து மக்கள் கூடிவிட்டார்கள். மேள வாத்தியம், சிங்க நடனம், மலாய்க்காரர்களின் கொம்பாங் பறை என்று மூன்று குழுக்களும் வந்திறங்கின. குளத்தில் நீலம் அப்படி விரிந்திருந்தது. வர வேண்டியவர்தான் வரவில்லை.

தங்காக்கிலிருந்து குடும்பம் முழுவதும் ஒரே பஸ்ஸில் கிளம்பியிருந்தது. ஆயர் ஈத்தாமைத் தாண்டியதும் எஞ்சின் சூடாகி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டது. மாற்று பஸ் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேடம் லிம்மை மட்டும் காரில் அழைத்து வந்துவிடலாம் என்று நல்லநாதன் போனில் கெஞ்சிப் பார்த்தார். பிள்ளை குட்டிகளை ரோட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வருவதா என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். மதியம் ஆனது. முக்கிய விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சிங்கத்துக்குள்ளிருந்த பையன்கள் கூடாரத்தில் படுத்துத் தூங்கினார்கள். மூன்று மணிக்கு அசிசாவுக்குச் செய்தி வந்தது. மாற்று பஸ் புறப்பட்டுவிட்டது, ஐந்து மணிக்கு வந்துசேர்வோம்.

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். நான் மட்டும் மணியைப் பார்த்தேன். நல்லநாதனிடம் போய், ஐந்து மணிக்கு ஒரு நீலப் பூகூடத் திறந்திருக்காது என்று சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. என்னைக் குளத்தருகே கூட்டிப்போனார். வெளிச்சுற்று இதழ்கள் ஏற்கனவே மெல்ல நிமிரத் தொடங்கியிருந்தன.

“தேவி, நான் அவவுக்கு எத்தனை தரம் சொன்னனான், குளம் முழுக்க நீலமா இருக்கும் எண்டு. இப்ப வந்து பச்சைத் தண்ணியைக் காட்டவோ?” என்றார் நல்லநாதன்.

அப்போதுதான் அசிசா ஒரு வழி சொன்னாள். கல்யாண மேடைக்குத் தண்ணீர்த் தொட்டியில் அல்லி மிதக்கவிடும்போது அவர்கள் செய்வது அது. விரிந்திருக்கும் பூவைப் பறித்து, மெழுகுவத்தியைச் சாய்த்து, இதழ்கள் சேரும் அடியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மெழுகு இறுகியதும் பூ மூட முடியாது. இரவுவரை அப்படியே நிற்கும். அவள் வண்டியில் மெழுகுவத்திப் பெட்டியே இருந்தது. பறித்த பூக்களைத் திரும்பக் குளத்திலேயே மிதக்கவிட்டால் யாருக்குத் தெரியும் என்றாள்.

நல்லநாதன் முகம் மலர்ந்துவிட்டது. பாக் மாட்டின் ஆட்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு நின்றார்கள். செய்வதானால் உடனே செய்ய வேண்டும், அரைமணி நேரம் போனால் மெழுகு ஊற்றப் பூ இருக்காது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இதைச் சொல்லும்போது, நான் ஏதோ உண்மையின் பக்கம் வீரமாக நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். மெழுகு வித்தை நல்ல வித்தை. மேசை அலங்காரத்துக்கு நானே செய்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் என் மனத்தில் ஓடியதெல்லாம் செடிக்காரியின் கணக்குத்தான். செடிகள் நட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறேழு பேர் இறங்கி நடந்தால் சேறு கிளம்பித் தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும், இலைகள் கவிழும். அந்த அம்மா வரும்போது கலங்கிய தண்ணீரில் தண்டில்லாத பூக்கள் காற்றடிக்கும் பக்கமெல்லாம் ஒதுங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை வட்டாரத்துப் பிள்ளைகள் வந்து பார்த்தால் குளம் மொட்டையாகக் கிடக்கும். பறித்த பூவைத் திரும்பத் தண்டில் ஒட்ட முடியாது. அவசரமான நேரத்தில் திரும்ப எடுக்க முடியாத காரியத்தைக் கடைசியாகச் செய்வது நல்லது என்பது என் பழக்கம்.

இன்னொன்றும் இருந்தது. அன்று காலை ஏழு மணிக்கு வந்தேனே, அப்போது தண்ணீர் வெளியேறும் மூலையில் வெள்ளை அல்லிகள் ஒரு கூட்டமாக விரிந்திருந்ததைப் பார்த்தேன். அவை நாங்கள் நட்டவை அல்ல. பழைய பள்ளத்துச் சேற்றில் கிடந்த கிழங்குகளிலிருந்து தாமாக முளைத்தவை. நல்லநாதன் அவற்றை வரைபடத்தில் களை என்று எழுதியிருந்தார். பாக் மாட்டின் ஆட்கள் மற்ற இடங்களில் பிடுங்கிவிட்டார்கள். அந்த மூலையில் கானாங்கோழி ஒன்று கூடுகட்டி முட்டையிட்டிருந்ததால், குஞ்சு பொரிக்கும்வரை அங்கே யாரும் கால் வைக்கக்கூடாது என்று பாக் மாட் தடுத்திருந்தார். வெள்ளை அல்லி ஒரு பூ மூன்று நான்கு இரவுகள் திறந்து திறந்து மூடும். காலையில் புதிதாகத் தெரிந்த பூக்கள் அன்று மாலையும் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சூரியன் மறையும் நேரத்துக்குத்தான் திறக்கும். அதுவரை தங்காக்குக்காரர்கள் காத்திருப்பார்களா என்பது தெரியாது. அதுவுமில்லாமல், கேட்டது நீலம். வெள்ளையைக் காட்டினால் என்ன சொல்வார்களோ.

“வேண்டாம் சார். பறிக்க வேண்டாம்,” என்றேன். வெள்ளை அல்லியைப் பற்றிச் சொன்னேன்.

நல்லநாதன் பாக் மாட்டின் ஆட்களுக்கு இறங்க வேண்டாம் என்று கைகாட்டினார். “சரி. ஆனா ஒண்டு. நான் அவவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லமாட்டன். நீர்தான் கதைக்கவேணும்.”

கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அசிசா மெழுகுவத்திப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மனம் மாறினால் கூப்பிடுங்கள் தேவி அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்கு மணிக்குக் கடைசி நீலப் பூவும் மூடியது. விரல் நீளத்துக்கு வெறும் பச்சை மொட்டுகள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றன. குளம் ஏதோ கடையடைப்பு அறிவித்தமாதிரி இருந்தது. மனம் மாறியிருந்தாலும் இனிப் பயனில்லை. நான் கூடாரத்துக்குப் பின்னால் போய், அந்த அம்மாவிடம் மலாயில் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கேவலமாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னால் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு சின்னப் பெண் குதித்தாள். நீல அல்லிப் பூப்போட்ட பாவாடை. அடுத்து இரண்டு பையன்கள், அதே துணியில் சட்டை. பின்னால் தடித்த உடம்போடு ஒரு மாமா, அதே துணி. அவர் மனைவி, மருமகள்கள், கைக்குழந்தையின் தொப்பி, எல்லாமே அதே நீல அல்லி. இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் கைபிடித்து இறக்கிவிட்டது மேடம் லிம்மை. உருவம் சிறியது, தலை முழுக்க வெள்ளை, அதே துணியில் மேல்சட்டை. சிங்கத்துப் பையன்கள் தூக்கக்கலக்கத்தில் எழுந்து வந்து வாய்பிளந்து பார்த்தார்கள்.

நல்லநாதன் என் முதுகில் மெதுவாகத் தள்ளினார்.

நான் போய் வணக்கம் சொல்லி, ஒத்திகை பார்த்ததை மலாயில் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் போவதற்குள் அந்த அம்மா என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ தமிழ்ப் பொண்ணுதானே. தமிழ்லயே சொல்லு லா. எங்க கடையில பாதி வியாபாரம் தமிழ்தான்.”

எஸ்டேட் ஜனங்களுக்கு ஆண்டாண்டு காலமாகச் சேலை விற்றுப் பழகிய தமிழ். அதைக் கேட்டதும் என் ஒத்திகையெல்லாம் போய்விட்டது. நேராகச் சொல்லிவிட்டேன். “அம்மா, நீலப் பூ காலையில நல்லா இருந்துச்சு. நாலு மணியானா தூங்கிடும். இப்ப எல்லாம் மூடிடுச்சு. மெழுகு ஊத்தித் திறந்து வெச்சிருக்கலாம். நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அவர் கரைக்கு நடந்தார். கூட்டம் பின்னாலேயே வந்தது. குனிந்து மூடிய மொட்டுகளைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். நாலு மணியானா துணிக்கட்டு மேல சாஞ்சு தூங்கிடுவாரு. கஸ்டமர் வந்து நின்னாலும் எழுப்ப முடியாது.” பக்கத்தில் நின்றவர்களுக்கு அதைச் சீனத்தில் சொன்னார். குடும்பமே சிரித்தது. பிறகு என் பக்கம் திரும்பி, தன் சட்டையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். “நீலப் பூ நாங்களே கொண்டாந்துட்டோம். பாரு.”

அந்தத் துணியின் கதையை அவரே சொன்னார். கணவர் ஒருமுறை சரக்கெடுக்க சூரத்துக்குப் போனபோது இந்த நீல அல்லித் துணியைக் கண்டு மயங்கிவிட்டார். கடை தாங்காத அளவுக்கு வாங்கி வந்துவிட்டார். தங்காக்கில் ஒருத்தரும் அதைத் தொடவில்லை. சீனர்களுக்குப் பெரிய பூ பிடிக்கவில்லை, மலாய்க்காரர்களுக்கு நிறம் பிடிக்கவில்லை, தமிழர்களுக்குக் கரை இல்லாதது பிடிக்கவில்லை. மலிவு விலையில் தள்ளிவிடலாம் என்று மனைவி சொன்னபோதெல்லாம் அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாராம். துணி கடைசிவரை பின்னறையில் அடுக்கியே இருந்தது. நிஜமான நீல அல்லியை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. அவர் போன பிறகு அதையெல்லாம் எடுத்து, இந்த விழாவுக்காகக் குடும்பம் மொத்தத்துக்கும் தைத்துவிட்டார்கள். இன்னும் மிச்சம் இருக்கிறதாம்.

“மெழுகு போட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கஞ்சி போட்டு நிமித்தின துணி எனக்குத் தெரியாதா? தொட்டுப் பாப்பேன் லா.”

நல்லநாதன் அந்தப் பக்கம் திரும்பி இருமினார்.

அதற்குப் பிறகுதான் வெள்ளை அல்லியைச் சொன்னேன். ஏழு மணிக்கு மேல் திறக்கும், இருக்க முடியுமா என்று கேட்டேன். எங்கே என்று கேட்டு அந்த மூலைக்கு நடந்தார். மொட்டுகளைப் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிட்டார். தெலிப்போக். சிறுவயதில் வீட்டுக்குப் பின்னால் குட்டையில் இருந்ததாம், தண்டை உரித்து அம்மா குழம்பு வைப்பாராம். பூ விரியும் நேரத்தில் பார்த்ததில்லை, ஏனென்றால் இருட்டினால் குட்டைப் பக்கம் விடமாட்டார்கள். “இருக்கோம்,” என்றார். முடிந்தது.

பஸ் ஓட்டுநர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறரைக்குக் கிளம்பாவிட்டால் வேலை நேரம் மீறிவிடும் என்றார். அசிசா அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, மத்தியானம் மிஞ்சிய பிரியாணியையும் கோழி வறுவலையும் முன்னால் வைத்து, பஸ் நிறுவனத்துக்கு அவளே போன் செய்து நேரத்தை நீட்டி வாங்கினாள். சிங்க நடனத்தை இன்னொருமுறை ஆடினார்கள், குழந்தைகள் பின்னாலேயே ஓடினார்கள். மேளக்காரர்களிடம் மேடம் லிம் ஒரு பழைய தமிழ்ப் பாட்டைக் கேட்டு வாசிக்கச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. குளத்தைச் சுற்றிப் புதிதாக மாட்டிய விளக்குகள் இருட்டியதும் தாமாகவே எரியும். அந்த வெளிச்சம் வெள்ளை அல்லியைக் குழப்பிவிடுமோ என்று பயந்தேன். விளக்குகள் நல்லநாதனின் பெருமை, விழாவில் காட்டவென்றே தேர்ந்தெடுத்து வாங்கியவை. அணைக்க வேண்டும் என்று சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரே போய் மின்பெட்டியைத் திறந்து அணைத்துவிட்டு வந்தார்.

ஏழு மணி. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பாக் மாட்டும் அசிசாவும் தொழப் போனார்கள். வானம் சிவந்து மங்கியது. எல்லோரும் புல்லில் உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கண் முன்னால் பூ விரிவதைப் பார்க்கவே முடியாது, நீங்களும் முயன்று பாருங்கள். பார்த்துக்கொண்டே இருப்போம், மொட்டு மொட்டாகவே இருக்கும். கொசுவை அடித்துவிட்டுத் திரும்பினால் நுனி பிளந்திருக்கும். அந்தச் சின்னப் பெண்தான் முதலில் கண்டாள். எழுந்து நின்று கையை நீட்டினாள். ஒன்று, அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு எண்ண முடியாமல், தண்ணீர் இருண்ட அளவுக்கு அவை வெளுத்துக்கொண்டே வந்தன. கானாங்கோழி உள்ளிருந்து ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது.

மேடம் லிம் மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லநாதன் நல்ல சப்பாத்தோடு சேற்றில் மண்டியிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நேரத்தில் இன்னொரு சிக்கல். அந்தத் தடித்த மாமாவுக்கு, கரையோரத் தொட்டிகளில் நாங்கள் அடைத்து வைத்திருந்த மஞ்சள் அல்லிமேல் ஆசை வந்துவிட்டது. மதியம் திறந்திருந்தபோது யாரோ எடுத்து அனுப்பிய படத்தைப் போனில் காட்டினார். தங்காக்கில் அவர் மீன்குளத்துக்கு ஒரு கிழங்கு போதும் என்றார். குளத்துக்கே பணம் கொடுத்த குடும்பம், கேட்பது ஒரு கிழங்கு. நல்லநாதன் கண்ணாலேயே கொடு என்றார். நான் கொடுக்கவில்லை. அவர் குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் போகிறதா என்று கேட்டேன், போகிறது என்றார். அப்படியானால் இரண்டு வருஷத்தில் அந்த வாய்க்கால் முழுக்க மஞ்சள்தான் இருக்கும், வெட்ட வெட்ட வரும், அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பாக் மாட்டிடம் சொல்லி, கூட்டுக்கு எட்டத்தில் இருந்த வெள்ளை அல்லிக் கிழங்குகள் இரண்டை எடுத்து, ஈரச் சேற்றோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தேன்.

மேடம் லிம் பஸ் படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்ட சரக்கை விக்க மாட்டேங்குற, கேக்காத சரக்கைக் கட்டிக் குடுக்குற,” என்றார். “எங்க கடைக்கு வேலைக்கு வந்துடாதே லா. நட்டமாயிடும்.” பிறகு கையை அசைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த மாதம் அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. எங்கள் எல்லோருக்கும் அந்த நீல அல்லித் துணி. நல்லநாதன் அதில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்துக்கே போனார்.

விழா முடிந்த திங்கட்கிழமையே நல்லநாதன் என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். வரைபடத்தில் களை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, தண்ணீர் வெளியேறும் பக்கத்துப் பாதியை வெள்ளை அல்லிக்கு விட்டார். நீலம் பகல் ஷிஃப்ட், வெள்ளை இரவு ஷிஃப்ட், ரெண்டும் இருக்கட்டும் என்றார். பூக்கும் நேரங்களை எழுதிப் பலகை வைத்தோம். குஞ்சுகள் பொரித்துப் போன பிறகு பாக் மாட்டின் ஆட்கள் அந்த மூலையை ஒழுங்கு செய்தார்கள்.

ஷிஃப்ட் என்று அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். அது எவ்வளவு பொருத்தம் என்பது எனக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் காலை ஏழரை மணிக்குப் பூங்காவுக்குப் போனேன். தொழிற்சாலை பஸ்கள் இரவு வேலைக்காரர்களை இறக்கிவிடும் நேரம். வெள்ளை அல்லி இருந்த பக்கத்துக் கரையில் ஏழெட்டுப் பேர் சீருடையோடு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேப்பாளிகள், வங்காளதேசத்துப் பிள்ளைகள், நம் ஆட்கள் இரண்டு பேர். பாதுகாப்புத் தொப்பியைப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்களில் ஒருவன் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். தினமும் வருவீர்களா என்று கேட்டேன்.

“ஆமாக்கா. நாங்க வேலை முடிஞ்சு வர்றப்ப எல்லாமே மூடியிருக்கும். கடை, பேங்க், வீட்டுல ஜனங்ககூட வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பாங்க. இது ஒண்ணுதான் தொறந்திருக்கு.”

அப்போது நம் புல்வெட்டும் ஆட்கள் வண்டியிலிருந்து இயந்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம் என்று எட்டு மணிக்குத் தொடங்குவது வழக்கம். எழுந்துபோய், வேறு பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். அந்தக் கரையில் பத்து மணிக்கு முன் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது. இப்போது அந்தக் குளம் உங்கள் கையில் இருக்கிறது. நீங்களும் பத்து மணிக்கு முன் ஓட்டாதீர்கள்.